அப்பாவுக்கு மட்டும் பழுப்பாய்த் தெரிந்த பருத்தி

அருப்புக்கோட்டையில் என் அப்பா பருத்தி வாங்கி விற்றார். பொதியிலிருந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி, விரல்களுக்கிடையே இழுத்து, வாசல் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை பார்ப்பார். அவர் பழுப்பு என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையும் அந்தப் பொதியைத் தொடாது. அந்தக் கண்ணைப் பற்றி எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனிக் காலை, பரளச்சி ஊரில் பருத்தி போட்டிருந்த சம்சாரி ஒருவர் வண்டியில் நான்கு பொதி கொண்டு வந்தார். அப்பா கிள்ளிப் பார்த்தார்.

"பழுப்பேறிப் போச்சு. எடுத்துட்டுப் போங்க."

சம்சாரி ஆடிப்போனார். "அண்ணாச்சி, முந்தாநேத்து எடுத்த பருத்தி. பாலாட்டம் இருக்கு. இன்னொருக்கா பாருங்க."

அப்பா இன்னொரு முறை பார்க்கிற ஆள் இல்லை. "நீங்களே இப்படிச் சொன்னா இத வேற எவன் வாங்குவான்? இங்கேயே கெடக்கட்டும், நான் போறேன்" என்று பொதிகளை வாசலிலேயே இறக்கிவிட்டுச் சம்சாரி வெறும் வண்டியோடு போனார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நான் வெளியே வந்து பொதிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். அவ்வளவு வெள்ளையான பருத்தியை அந்த வருஷம் நான் பார்த்திருக்கவில்லை.

அப்பாவுக்கு மாசியிலேயே கால் வீங்கி மூச்சு வாங்கியது. டவுன் டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார். ஒன்று இதயத்துக்கு, இன்னொன்று நீர் பிரிய. உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அது போதவில்லை. பத்தியம் என்று இறங்கிவிட்டால் அவள் அரைகுறையாக எதையும் செய்யமாட்டாள். இளநீர் குளிர்ச்சி, வாழைப்பழம் சளி, கீரை மந்தம், பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் அப்பாவின் தட்டில் உப்பில்லாத கஞ்சி மட்டும்தான் மிஞ்சியது. நான் முந்தின வருஷம்தான் மதுரையில் விலங்கியல் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தேன். முதல் வகுப்பு என்ற திமிர் வேறு. உப்பு குறைவது நல்லதுதானே என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு குமட்ட ஆரம்பித்தது. கஞ்சியில் யார் மஞ்சள்தூள் போட்டது என்று அம்மாவை ஏசினார். வேட்டியைச் சரியாக வெளுக்கவில்லை என்று குதித்தார். நோயாளியின் எரிச்சல் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

பரளச்சிக்காரர் போன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. "எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னா அவுகளுக்குக் காமாலைதான். கீழாநெல்லி பறிச்சுட்டு வாரேன். பத்தியத்த இன்னும் இறுக்கணும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அப்பாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். விழி வெள்ளையாக இருந்தது. மஞ்சள் கண்ணில் இல்லை, அவர் பார்க்கிற உலகத்தில் மட்டும் இருந்தது. பரீட்சையில் ஆறு பக்கம் எழுதிய விடை அந்த இடத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த விடையை எழுதும்போதே நான் அதில் சொக்கிப்போயிருந்தேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சோடியம், பொட்டாசியம் இரண்டும் உலோகங்கள்தான். உடம்புக்குள் மின்னேற்றம் பெற்ற அயனிகளாகத் திரிகின்றன. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். விட்டால் இரண்டும் எதிர்த்திசையில் கசிந்து இருபக்கமும் சமமாகிவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளச் சவ்வில் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. உள்பக்கம் வாய்திறந்து மூன்று சோடியத்தை வாங்கும். செல்லின் எரிபொருள் ஒன்றை உடைத்து, அந்த வேகத்தில் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு, வெளிப்பக்கம் திறந்து மூன்றையும் தள்ளிவிடும். டவுனில் பருத்தியை இறக்கிய வண்டிக்காரர்கள் வெறும் வண்டியோடு ஊருக்குத் திரும்புவதில்லை, பிண்ணாக்கோ உப்போ லோடு ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். இதுவும் அப்படித்தான். திரும்பும்போது இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும். நாம் தூங்கினாலும் சண்டை போட்டாலும் வேலை நிற்பதில்லை. இவ்வளவு நேர்த்தியான ஒன்று என் உடம்பில் நடக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

அப்பாவின் இதய மாத்திரை இந்த நொதியின் வெளிப்பக்கம்தான் போய் ஒட்டுகிறது. சில நொதிகளை நிறுத்தினால் செல்லுக்குள் சோடியம் தேங்கும், அதனால் கால்சியமும் கூடும், தளர்ந்த இதயம் பலமாகச் சுருங்கும். ஆனால் மாத்திரை ஒட்டாதபடி பொட்டாசியம் அதோடு மல்லுக்கட்டும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துவிட்டால் மாத்திரையைக் கேட்க ஆளில்லை. அளவு மீறி ஒட்டிக்கொள்ளும். குமட்டும், நாடி தப்பும், வெள்ளையெல்லாம் மஞ்சளாகும். நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தது. இளநீர், பழம், கீரை, பருப்பு என்று அது உள்ளே வரும் வழியையெல்லாம் அம்மா அன்போடு அடைத்திருந்தாள். ஆறு பக்கம் எழுதிய நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

வாசலில் கிடந்த பொதியிலிருந்து ஒரு பிடி பஞ்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அப்பாவை அப்போதே டாக்டரிடம் அழைத்துப்போனோம். நாடியைப் பிடித்ததும் டாக்டரின் முகம் மாறியது. நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். இதய மாத்திரையை நிறுத்தி, பொட்டாசிய மருந்து கொடுத்து, அங்கேயே படுக்க வைத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் வீட்டுல வச்சிருந்தா பொழைக்க வச்சிருக்க முடியாதும்மா. இளநி குடுங்க, பழம் குடுங்க" என்றார் அம்மாவிடம்.

அம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். "அவுகள நானே கொல்லப் பாத்தேனா?" என்றாள். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

தினமும் காலையில் அப்பாவிடம் பஞ்சைக் காட்டினேன். முதல் நாள் பழுப்பு என்றார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்காம் நாள் அவராகவே கையை நீட்டி வாங்கினார். கிள்ளினார், இழுத்தார், ஜன்னல் பக்கம் பிடித்தார். பருத்தி விஷயத்தில் ஒருநாளும் அபிப்பிராயம் கேட்காத அம்மாவிடம் நீட்டினார்.

"நீ சொல்லு. என்ன நெறம்?"

"வெள்ளை" என்றாள் அம்மா.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றவர் இன்னொரு முறை பார்த்தார். அவர் இரண்டாம் முறை பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பரளச்சிக்கு ஆளனுப்பு. அவரு பருத்தி மேல குத்தமில்ல, எங் கண்ணு மேலதான் குத்தம்னு நான் சொன்னதா, நாலு பேரு முன்னால வச்சுச் சொல்லச் சொல்லு."

அம்மா வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.