மாதாவுக்குப் போன காகிதக் கப்பல்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துப் புத்தகக் கடை ஒன்றில் போன வாரம் ஒரு பெட்டியைப் பார்த்தேன். மூடியில் மூன்று பாய்மரம் வைத்த காகிதக் கப்பலின் படம். உள்ளே எல்லாம் வெட்டித் தயாராக இருக்கிறதாம், மடித்து ஒட்டுவதுதான் வேலை. மூடியை மெல்லத் திறந்து முகர்ந்தேன். புதுக் காகித வாசனை. கல்லாவில் இருந்த பிள்ளை என்னைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல ஏலாது. நரைத்த மனிதன் ஒருவன் பெட்டியை மோந்து பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே.

சந்தேகம் எனக்குப் பழக்கமான சாமான். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், கொட்டாஞ்சேனையில் குரூஸ் அங்கிளின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பிலோமினா ஆன்ட்டி. பிள்ளைகள் இத்தாலியில். வீட்டில் எப்போதும் மெழுகுதிரியும் பொரித்த கருவாடும் கலந்த ஒரு வாசம்.

கந்தோர் விட்டால் நேரே அறைதான். என் வயதுப் பெடியன் வீதியில் நின்றால் அடையாள அட்டையை நீட்டி, ஏன் வந்தாய், எங்கே போகிறாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். என்னைப் போல வந்த மற்றப் பெடியன்கள் தங்கள் அறைகளுக்குள் இருந்து கடுதாசி விளையாடினார்கள். எனக்குக் கடுதாசியை வெட்டத்தான் தெரிந்தது. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பழைய சஞ்சிகை ஒன்றில் பாய்க்கப்பலின் படம் இருந்தது. பக்கத் தோற்றம், குறுக்கு வெட்டு எல்லாம் தெளிவாக. அதைக் கட்டம் போட்ட தாளில் பெரிதாக்கிக் கீறி, துண்டுகளுக்கு இலக்கம் போட்டு வெட்டத் தொடங்கினேன். விலாச் சட்டங்கள் பழைய கலண்டர் மட்டையில். அதன் மேல் பலகைக்குப் பதிலாக ஒல்லியான காகித நாடாக்கள். பாய்களுக்கு டைப் அடிக்கும் தாளைப் பால் விடாத பிளேன்டீயில் நனைத்துக் காயப்போட்டேன். கயிறுகளுக்குத் தையல் நூல், ஆன்ட்டியின் மெழுகுதிரியில் உரசியது. கோதுமை மாப் பசையில் பூச்சி வராமல் கொஞ்சம் மயில்துத்தம். என்னைப் பெரிய கப்பல் கட்டுநராகவே நினைத்துக்கொண்டேன். முதலில் கட்டிய உடல் வாழைப்பழம் மாதிரி வளைந்துபோனது வேறு கதை.

கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. காற்றடித்தால் துண்டுகள் பறந்துவிடும். அது அங்கிளுக்குப் பிடிக்கவில்லை.

"என்னா தம்பி, எந்த நேரமும் கதவு சாத்தியே இருக்கு?"

"சும்மா ஒரு கப்பல் செய்யிறன் அங்கிள்."

"கப்பலா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில நாளில், என் குப்பைக் கூடையிலிருந்த வெட்டுத் துண்டுகளை அவர் முற்றத்தில் விரித்து வைத்துப் பார்ப்பதைக் கண்டேன். பிறகு என் வரைபடங்களின் அடுக்கு மாறிக் கிடந்தது. துப்பறியும் கதைகளில் படித்த வித்தையாக, மேசை லாச்சியை இழுத்துத் திறக்கும் இடுக்கில் ஒரு தலைமயிரை ஒட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் மயிரைக் காணவில்லை. அதே வாரம் சந்தியில் இருந்த சோதனைச் சாவடியில் அங்கிள் பொலிஸ்காரர்களுடன் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கோப்பைக்கு மேலால் பார்த்தோம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பொலிஸ் வந்தது. வீடு வீடாகச் சோதனை என்றார்கள், எங்கள் வீட்டுக்கு மட்டும் நேரே வந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. இன்ஸ்பெக்டர் என் தாள்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டார்.

"நெவக், சேர்." கப்பல் என்றேன்.

அந்த ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்திருந்தது. விலாச் சட்டத்துக்கும் பாய்மரத்துக்கும் சிங்களம் எனக்கு எங்கே தெரியும்? துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு, யாழ்ப்பாணத்துப் பெடியன், இலக்கமிட்ட கப்பல் வரைபடம். துறைமுகத்தில் குண்டு வைக்கத் திட்டம் என்று அவர் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆன்ட்டி அழத் தொடங்கினார். நான் கொடியிலிருந்து சட்டையை எடுத்தேன்.

அப்போது அங்கிள் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அறைக்குள் வந்தார். சரளமான சிங்களத்தில் சொன்னார்: அது அவருடைய நேர்த்தி. கடலில் போன தம்பி திரும்பி வந்ததற்கு மாதாவுக்கு ஒரு கப்பல் வைப்பதாக வேண்டிக்கொண்டவர். தனக்குக் கை நடுங்குவதால் இந்த மல்லியை, அதாவது இந்தத் தம்பியை, கொண்டு செய்விக்கிறார். அடுத்த மாதம் திருநாளுக்கு மாதா கோயிலில் வைக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கப்பலை நெடுநேரம் பார்த்தார். "திருநாளுக்கு நானும் வருவேன்" என்றார். போய்விட்டார்கள்.

நான் நன்றி சொல்ல வாய் திறக்குமுன் அங்கிள் கதவைத் தாழிட்டார்.

"இப்ப சொல்லுங்க. இதுக்குள்ள என்னா இருக்கு?"

"ஒண்டும் இல்லை அங்கிள்."

"வெட்டுங்க. நான் பாக்கணும்."

பிளேடை எடுத்தேன். அத்தனை நாள் ஒட்டிய தளத்தை நடுவால் கிழித்தேன். அங்கிள் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். கலண்டர் மட்டையும் காய்ந்த பசையும்தான். விரலை எடுத்துச் சாரத்தில் துடைத்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நம்பாமல் ஏன் அங்கிள் காப்பாத்தினீங்கள்?"

"அவனுங்க கொண்டு போனா நீங்க திரும்பி வருவீங்களான்னு யாருக்குத் தெரியும்? நான் கேக்கிறதுன்னா நீங்க இங்க இருக்கணுமே." கட்டிலிலிருந்து எழும்பிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தம்பியே கிடையாது. மாதா பேர்ல பொய் சொல்லிட்டேன். அது பொய்யாப் போகக்கூடாது. ஒட்டுங்க." வாசலில் நின்று திரும்பினார். "அதோட, லாச்சியில மயிர் ஒட்டாதீங்க. மேசை துடைக்கிறப்ப ஆன்ட்டியோட கையில ஒட்டுதாம்."

கப்பல் கோயிலுக்குப் போனது. பக்கப் பீடத்துக்குச் சற்று மேலே நூலில் தொங்கவிட்டோம். இன்ஸ்பெக்டரும் வந்தார், சாதாரண உடுப்பில், மனைவியோடு. மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு கிட்டப் போய்க் கப்பலின் தளத்தில் கிழித்து மறுபடி ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போனார். கும்பிட வந்தாரா வேவு பார்க்க வந்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கிள்தான் முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தாரா என்பதும் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொன்னதை நம்பியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

யுத்தம் முடிந்து பல காலம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கோயில் சுவருக்குப் புதுப் பூச்சு. கப்பலைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கிளையும் ஆன்ட்டியையும் பிள்ளைகள் இத்தாலிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள், இருவரும் அங்கேயே காலமானார்கள். வீடு இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு. சந்தியில் சாவடியும் இல்லை.

நானும் இப்போது வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில்தான் இருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தாலும் கேட்பாரில்லை. எதிர்வீட்டுக்காரர் குடிவந்து வருடக் கணக்காகிறது. லிஃப்டில் கண்டால் இருவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொள்வோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது.