அம்மா சிரித்த மலை

வெயில் பட்ட மரப்பிசினின் மணமும் உருகும் பனியின் ஈர மணமும் கலந்து வந்த அந்தக் காற்றை, ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியின் லிஃப்ற் நாற்றத்துக்குள் வளர்ந்த நான் ஒரே ஒரு கோடையில்தான் சுவாசித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்கரியில் இருந்த சித்தப்பாவிடம் பஸ்ஸில் போய், அங்கிருந்து அவருடைய காரில் றொக்கி மலைக்குப் போனோம். உணவகத்தில் கோப்பை கழுவிய அப்பாவும் அலுவலகங்களைத் துப்புரவாக்கிய அம்மாவும் கனடா வந்தபின் எடுத்த முதல் ‘வக்கேசன்’ அது.

நாங்கள் போய் இறங்குவதற்கு முன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பாவுக்குச் செய்தி வந்திருந்தது. அம்மாவின் ஒரே தம்பி ஷெல் விழுந்து இறந்துவிட்டார். “அண்ணி எவ்வளவு ஆசையாய் வந்திருக்கிறா. வீட்டை போனாப்பிறகு சொல்லுவம்” என்று சித்தப்பா சொல்ல, அப்பாவும் தலையாட்டியிருக்கிறார். தூரத்தில் இருப்பவருக்குச் சாவை மறைத்து வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அதை அன்பு என்றே நினைப்பார்கள். மாமா இறந்தது எனக்கும் அப்போது தெரியாது.

ஏற ஏற மரங்கள் குறைந்து, மலைச்சரிவு முழுவதும் மஞ்சளும் ஊதாவுமாய்ப் பூக்கள் விரிந்தன. கீழே, வெகு ஆழத்தில், பச்சையாய் ஒரு ஏரி. அம்மா பூப் பிடுங்கக் குனிந்தார். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான நான், பாதையோரப் பலகையைப் பார்த்துவிட்டு, “பிடுங்கக்கூடாதாம்” என்றேன்.

“சாமிக்கும் கூடாதாமோ?”

“சாமியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.”

“உன்ர படிப்பும் நீயும்!”

பிறகு பூக்களுக்குள்ளேயே போய் இருந்துகொண்டார். “இஞ்சேருங்கோ, தம்பிக்கு அனுப்ப ஒரு படம் எடுங்கோ. ஐஸ் கொட்டுற நாட்டில என்ன பூ எண்டு நக்கலடிச்சவன்.”

சித்தப்பா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா கமராவைக் கண்ணில் வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

“என்னப்பா, நித்திரையோ?”

“கொஞ்சம் சிரியும்” என்றார் அப்பா.

அம்மா வாய் நிறையச் சிரித்தார். பிறகு ஒரு பாறையில் இருந்துகொண்டு பாணும் கோழிக்கறியும் சாப்பிட்டோம்.

ரொறன்ரோ திரும்பியபின் சொன்னார்கள். அம்மா முதலில் கேட்டது, எந்த நாள் என்றுதான். பின்னோக்கி நினைத்து நினைத்து, மச்சம் மாமிசம் தொடாமல் சாவுத் ‘துடக்கு’ காத்திருக்க வேண்டிய நாட்களில் தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்லி அழுதார். “அவன் செத்துக் கிடக்க, நான் கோழி திண்டு, பூவுக்குள்ள இருந்து பல்லைக் காட்டியிருக்கிறன். சிரிக்கச் சொன்னதும் நீங்கள்தானே.”

“உமக்காகத்தான்...” என்றார் அப்பா. அந்தப் பிலிமை யாரும் கழுவக் கொடுக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. நாங்கள் ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி வந்துவிட்டோம். மிசிசாகாவில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டாலும், அம்மா சேலை கட்டி, சப்பாத்தும் போட்டபின் கதவடியில் நின்றுவிடுவார்.

“எல்லாரும் சுகம்தானே? ஒண்டையும் மறைக்கேல்லைத்தானே?”

“ஓம் அம்மா, எல்லாரும் சுகம்.”

காரை ஸ்ரார்ட் செய்துவிட்டு நான் காத்திருப்பேன். அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து, முதலில் ஊருக்கு, பிறகு கல்கரிக்கு, ஒவ்வொரு குரலாய்க் கேட்டுவிட்டுத்தான் வந்து ஏறுவார்.