போணிக்கு வாங்கிய வாஷர்கள்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். பாளையங்கோட்டையில் தூறல், காற்று இல்லை. முந்தின நாள்தான் என் இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஐந்து நாள் வெளியே போகக் கூடாது, தூசி படக் கூடாது, குனியக் கூடாது. கட்டிலிலிருந்து வாசல் கேட்டுக்குப் பதினேழு எட்டு வைக்க வேண்டும். கேட்டைத் தட்டுவது யாரென்று பார்க்காமலே தெரிந்தது. தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர்.

தாமிரபரணி அணைக்கட்டு ஒன்றில் முப்பத்தோரு வருடம் நீர்மட்டம் குறித்தவன் நான். எண்ணாமல் ஓரிடத்தில் நிற்க வராது. ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தக் கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்காமலே மூன்று யோசனை சொன்னேன். சிறு கடை வைத்திருக்கும் யாருக்கும் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

பிளம்பர்கள் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். ஒன்பதுக்குத் திறக்கிற கடையால் அவர்களுக்குப் பயனில்லை. ஆறரைக்குத் திறக்க வேண்டும். பளபளக்கும் ஷவர் பின்னால் இருக்கட்டும். அடிக்கடி தேய்ந்துபோகும் சில்லறைச் சாமான் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய பொருளையெல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரே பொருள் மூன்று தடவை நோட்டில் ஏறினால் மறுநாளே வாங்கிப் போட்டுவிட வேண்டும்.

அவர் மூன்றையும் செய்தார். 2023 ஜூன் 5, திங்கட்கிழமை, முதன்முதலாக ஆறரைக்குக் கடை திறந்தார். உற்சாகப்படுத்துவோமே என்று போய், முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு குழாய் வாங்கினேன். எட்டு மணிக்குள் ஒரு கொத்தனார் வந்து, ஒரு மாடி வீட்டுக்கு வேண்டிய பைப் மொத்தத்தையும் வண்டியில் ஏற்றிப் போனார். அதோடு என் யோசனைகளை அவர் மறந்தார். என் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ராசியான கை அண்ணாச்சி. தினம் வந்து போணி பண்ணிட்டுப் போங்க, அது போதும்."

போணிக்குக் கடன் சொல்லக் கூடாது. சும்மா கொடுத்தால் போணி ஆகாது. பிறகு காசைத் திருப்பித் தந்தால் ராசியும் கூடவே திரும்பிவிடுமாம். ஆகவே ஞாயிறும் பண்டிகை நாளும் தவிர தினமும் பத்து ரூபாய்க்கு ஒரு வாஷர் பாக்கெட். "இதையெல்லாம் கோத்தா உங்களுக்கு ஒரு மாலை போடலாம்" என்றாள் என் மனைவி. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகவில்லை. கண் ஆபரேஷனை மூன்று முறை தள்ளிப்போட்டேன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. இரண்டு நாளும் வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டு நாளும் கொட்டுகிற மழை. அதில் குழாய் வாங்க யார் வருவார்? தெரியும். தெரிந்தும் மூன்றாம் நாள் காய்ச்சலோடு போனேன். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை கேட்டைத் திறந்தபோது ஒரு கையில் மடக்கிய குடையும் மறு கையில் வாஷர் பாக்கெட்டுமாக நின்றார்.

"நீங்க பைய வாங்க அண்ணாச்சி, அவசரமில்ல. நாலு பிளம்பர் கடை வாசல்ல நிக்காங்க, அவ்வளவுதான்."

"தம்பி, உன் கடையை வளர்த்தது என் கையில்லப்பா. அந்த 'இல்லை' நோட்டு."

"இருக்கட்டும். நோட்டுல எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப அதுவும் இந்தக் கைதான?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தை பொறந்ததும் வண்ணார்பேட்டையில ரெண்டாவது கடை. உங்க கையை நம்பித்தான் அட்வான்ஸ் குடுத்திருக்கேன். அங்கன ஆறரை, இங்கன ஏழு. ஆட்டோ நான் அனுப்புதேன்."

உள்ளிருந்து மனைவி, "கண்ணுல தண்ணி படாம நில்லுங்க" என்றாள். உள்ளே போய், ஆணியில் தொங்கிய சட்டையைத் தடவிப் பத்து ரூபாய் எடுத்தேன். அவர் பாக்கெட்டை என்னிடம் தந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குடையை விரிக்கவும் மறந்து கடைக்கு ஓடினார்.

அன்றோடு நானூற்று நாற்பத்தாறு போணி. ஒரு குழாய், நானூற்று நாற்பத்தைந்து வாஷர் பாக்கெட்: நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.