மாத்திரையை மாற்றியது யார்?

அவர் பேருந்தில் ஏறினாலே நடத்துநர்கள் "கழுகு வந்துடுச்சு" என்று கிசுகிசுப்பார்கள். டிக்கெட் பரிசோதகராக இருந்த காலமெல்லாம் அவருக்கு ஒரே சூத்திரம்தான்: எவன் கண்ணைக் கீழே போடுகிறானோ அவனிடம் டிக்கெட் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சந்தேகத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

கை கால் இறுகி நடை தளர்ந்தபோது டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அது துளியும் கேட்கவில்லை. மனுஷன் நோயைச் சந்தேகப்பட்டாரா? இல்லையே! மருந்துக்கடைக்காரர் போலி விற்கிறார் என்றார். கடையை மாற்றியும் கால் மரக்கட்டையாகவே இருந்தது. அப்புறம் வீட்டுக்குள் ஆள் தேடினார். வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான்.

"நீ குடுக்குறது நிஜ மாத்திரைதானா?"

"இல்ல, சாக்பீஸைச் சீவிக் குடுக்குறேன். போங்க!"

அவள் சிரித்தாள். அவர் முகத்தில் சிரிப்பு வருவதே நின்றுபோயிருந்தது. மாத்திரை டப்பாவை அலமாரியில் பூட்டி, தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் குணமில்லை. தான் தூங்கும்போது அவள் மாற்றிவிடுகிறாள் என்று முடிவு கட்டினார். மாடிப்படியில் மல்லாக்க விழுந்தபோது, சோப்புத் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். சட்டையெல்லாம் சாப்பாடு சிந்தியதற்கும் அவள்தான் காரணம். தட்டை வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கிறாளாம்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு நான் திருடியா இருக்கணும், இல்ல நோய் வேறயா இருக்கணும். எதுன்னு தெரிஞ்சப்புறம்தான் இந்த வீட்ல இருப்பேன்" என்று அவரை நரம்பு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஒரு விரலைக் காட்டி மெல்லக் கீழே இறக்கினார். கழுகின் கண் கூடவே இறங்கவில்லை. உடனே டாக்டரம்மா தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் கழுகு முதலில் கேட்டது, "இது என் தலைதானா? வேற ஆளோடதை மாட்டிடலையே?"

படத்தின் ஓரத்தில் இருந்த பெயரையும் வயதையும் அவர் சரிபார்த்த பிறகே டாக்டரம்மா பேசினார். "இது நடுமூளை. இந்த மேல்பக்கம் மேடா இருக்கணும், உங்களுக்குத் தேய்ஞ்சு மெலிஞ்சிருக்கு. பக்கவாட்டுல பாத்தா தேன்சிட்டு தலை மாதிரி இல்ல? பார்க்கின்சன்ல இப்படித் தேயாது. இது அதோட பங்காளி. வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே ஜாடை. ஆனா இதுல கண்ணு கீழ இறங்காது, பின்னால விழுவாங்க, அந்த மாத்திரையும் பெருசா கேக்காது."

"அப்ப மாத்திரை..."

"நிஜ மாத்திரைதான் சாப்பிட்டிருக்கீங்க."

மனைவி நீளமாக மூச்சு விட்டாள்.

"சரி, இதுக்கு என்ன மாத்திரை?"

டாக்டரம்மா கண்ணைக் கீழே போட்டார். கழுகுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

வராந்தாவில் மனைவி குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் அவருக்குத் தவிப்பாக இருந்தது. கண் இறங்க மறுத்தது.

"நீ திருடி இல்ல. தப்பு என் மேலதான்" என்றார்.

கீழேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "திருடியாவே இருந்திருக்கக் கூடாதாங்க? நாளைக்கே நிஜ மாத்திரையைக் குடுத்து உங்களைத் தேத்தியிருப்பேனே."