கருமத்தம்பட்டி வேன்

மூலைகளில் தடவிய மஞ்சள் வெளிறி, தொட்டால் இன்னும் விரலில் லேசாகப் பொடிந்து ஒட்டுகிற ஒரு கல்யாணப் பத்திரிகை என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் என் அப்பா பென்சிலால் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “வைகாசி, புதன். கருமத்தம்பட்டி. சாம்பாரில் பெருங்காயம் தூக்கல். பொரியல் சுமார். ரசம் மிக நன்று. இவரையே சொல்லிவிடலாம்.” ஆண்டைக் குறிக்காமல் விட்டுவிட்டார்; முன்பக்கத்தில் ஆண்டு அச்சான இடமும் மஞ்சள் கறை படிந்து படிக்க முடியாமல் போய்விட்டது. எதை எழுதினாலும் ஆண்டும் மாதமும் போட்டுத் தொடங்குகிற எனக்கு இது இன்றும் ஒரு குறைதான். நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை என்பது மட்டும் உறுதி. பள்ளி திறந்து ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்த கையோடு, ஆனி மாதக் கல்யாணத்துக்காக லீவு கேட்டு டீச்சரிடம் நின்றது நினைவிருக்கிறது.

அந்தப் பத்திரிகை என் சின்ன அத்தை கோமதியின் கல்யாணத்துக்கு அடித்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பா ஒரு சின்ன லேத் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முடிவாகி, மண்டபம் பேசி, பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்ட பிறகும் சமையல்காரர் மட்டும் அமையவில்லை. அமையாததற்குக் காரணம் என் பெரிய அத்தை சரசு. வந்த இருவரை அவளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அவளுடைய சொந்தக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு பற்றாமல் போய், அவள் மாமியாரும் மாமியாரின் அக்காள் தங்கைகளும் இலையின் முன் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அதிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அந்த மாமியார் சிரித்தபடியே, “உங்கூட்டுக் கல்யாணத்துல நாங்க தண்ணியக் குடிச்சு வயித்த நெப்பிக்கிட்டு வந்தவங்கதான அம்மணி” என்பாராம். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், சிரித்துக்கொண்டே சொல்வதற்கு என்ன பதில் சொல்வது என்று அத்தை எங்கள் அம்மாவிடம் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அதே மாமியார் கூட்டம் கோமதி அத்தை கல்யாணத்துக்கும் வரவிருந்தது. ஆகவே இந்த முறை ஒரு இலைகூடக் குறையக் கூடாது.

மூன்றாவதாக வந்தவர் மேட்டுப்பாளையத்துக்காரர், எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்ட சுப்பண்ணன். என்னென்ன செய்வீர்கள் என்று அத்தை கேட்க ஆரம்பித்ததும் கையை ஆட்டித் தடுத்துவிட்டார். “வாயில சொன்னா எல்லாமே ருசிதானுங்க அம்மணி. வார புதங்கெழமெ கருமத்தம்பட்டில ஒரு கல்யாணம் செய்யறேன். வந்து சாப்ட்டுப் பாருங்க. புடிச்சாப் பேசலாம், இல்லீனா கையக் கழுவிட்டு அப்படியே போய்ட்டே இருங்க.”

இதற்கு எங்கள் பக்கத்தில் ‘ருசி பார்க்கப் போறது’ என்று பெயர். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், அழைப்பில்லாமல், சமையல்காரரின் ஆட்களாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பது. அதற்கென்று ஒரு ஒழுங்கும் உண்டு. சமையல்கட்டு வழியாகத்தான் நுழைய வேண்டும், கூட்டம் குறைந்த பந்தியில் ஓரமாக உட்கார வேண்டும், இரண்டாம் முறை எதையும் கேட்கக் கூடாது, மணமக்கள் பக்கம் போகாமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

அப்பா, சரசு அத்தை, நான் மூவரும் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது, மண்டபத்தின் பின்வாசலை அடைத்துக்கொண்டு வாழைத்தார் வண்டி நின்றிருந்தது. அதனால் முன்வாசல் வழியாகப் போக நேர்ந்தது. சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண் வீட்டுக்காரர், விசைத்தறி வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம், எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். “வாங்க, வாங்க. ஏனுங் இவ்வளவு நேரமாயிருச்சு? கண்ணு, வா சாமி.” சாப்பிட்டுப் பார்க்க வந்திருக்கிறோம் என்று கைகூப்பி நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது. “பஸ்ஸு கெடைக்கலீங்க” என்றார் அப்பா.

அதற்குமேல் எங்கள் ஒழுங்கு எதுவும் செல்லவில்லை. அவர் மனைவி எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் பந்தியின் நடுவில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று கொண்டார். அத்தை சாம்பாரை விரல் நுனியில் தொட்டு மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, “என்னங்க அம்மணி மோந்து பாக்கறீங்க, ஊசியா போச்சு?” என்றார்.

“ஐயோ இல்லீங்க்கா. வாசம் நல்லாருக்குதுன்னு பாத்தனுங்க.”

“நல்லாருக்குதுல்ல? அப்ப இன்னொரு கரண்டி ஊத்திக்குங்க.”

ரசம் வந்தது. அத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தாள், மறுபடி கையை நீட்டினாள், அப்பாவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். சமையல்காரர் முடிவாகிவிட்டார்.

கிளம்பும்போதுதான் அப்பா அதைச் செய்தார். முன்பின் தெரியாத வீட்டில் இவ்வளவு உபசாரத்தோடு சாப்பிட்டுவிட்டுச் சும்மா திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. பைக்குள் எங்கள் பத்திரிகைக் கட்டு இருந்தது. அவர்களிடமே ஒரு தட்டும் வெற்றிலை பாக்கும் வாங்கி, ஒரு பத்திரிகையை வைத்து, அவர்களிடமே நீட்டினார். “குடும்பத்தோட வந்துபோடோணுங்க.” அவர்களும் கணவன் மனைவியாகச் சேர்ந்து நின்று, முறைப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அவிநாசி ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு அத்தை, “ஏண்ணா, நாம சமையலுக்கு ஆள் பாக்க வந்தமா, சாப்பாட்டுக்கு ஆள் கூப்பட வந்தமா?” என்றாள். “அட, அவங்க எங்க வரப் போறாங்க. யாரு எவுருன்னே தெரியாது” என்று சொல்லிவிட்டு அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனி மாதம் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திகள் ஓடின. எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம். மாமியார் கூட்டம், வழக்கம்போல, எல்லோருக்கும் பிறகு நிதானமாக வந்து இறங்கியது. நான் சமையல்கட்டு வாசலில் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னொரு பந்திக்கு எல்லாமே நெறைவா வருமுங்க. அதுக்கு மேல சோறும் ரசமுந்தான்” என்றார். ஒரு பந்தி போதும். மாமியார் வீட்டார் சாப்பிட்டுவிட்டால் வெளியாள் யாரும் பாக்கியில்லை. அத்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மண்டப வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

கருமத்தம்பட்டிக்காரர் இறங்கினார். மனைவி இறங்கினார். பிறகு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புதுப்பெண், மாப்பிள்ளை, சம்பந்தி, கைக்குழந்தையோடு யாரோ. அப்பா ஓடிப்போய்க் கைகூப்பினார், “வாங்க, வாங்க” என்றார், ஆனால் அவருடைய கண் சமையல்கட்டுப் பக்கமே இருந்தது.

அந்த அம்மாள் நேராக எங்களிடம் வந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் அண்டாவைப் பார்த்தார். போன மாதம்தான் தன் வீட்டுக் கல்யாணத்தில் சமையல்கட்டு வாசலில் இதே மாதிரி நின்றவர்.

“உங்கூட்டு ஆளுக சாப்ட்டாச்சுங்களா அம்மணி?”

“நாங்க கடைசீலதானுங்க்கா...”

“அப்ப நாங்களும் கடைசீலதான். மொதல்ல வந்த ஒறம்பரை சனத்த உக்கார வெய்ங்க.” முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேன்காரர்களைப் பார்த்து, “ஏய், நிக்காதீங்க, ஆளுக்கொண்ணு எடுங்க” என்றார்.

மாமியார் கூட்டம் பந்தியில் உட்கார்ந்தது. முன்பின் அறியாத பெண்கள் இலை போட, வேனில் வந்த மாப்பிள்ளைப் பையன் தண்ணீர் ஊற்ற, அவர்கள் பாயசம் வரை சாப்பிட்டார்கள். மாமியார் பாயசம் இன்னொரு முறை கேட்டு வாங்கினார். கை கழுவ எழுந்தவர், பரிமாறியவர்களைக் காட்டி, “இவங்கெல்லாம் எந்த வழிங்க? பாத்ததில்லயே” என்று கேட்டார். அத்தைக்கு அன்று எங்கிருந்தோ பதில் வந்தது. “எங்கூட்டு ஆளுகதானுங்க அத்தை. அதான் சாப்டாம நிக்கறாங்க.”

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். சோறு, ரசம், மோர். அப்பாவுக்கு இலையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கருமத்தம்பட்டிக்காரர்தான் அவரைச் சமாதானப்படுத்தினார். “அட உடுங்க. நீங்க எங்கூட்டுக்கு ரசத்துக்குத்தான வந்தீங்க, மாஸ்டரு சொன்னாருங்க. நாங்களும் அதுக்குத்தான் வந்தோம்னு வெச்சுக்குங்க.” அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அத்தைதான் முதலில் சிரித்தாள்.

அதன்பின் அவர்கள் வீட்டில் எது நடந்தாலும் எங்களுக்குப் பத்திரிகை வந்தது, எங்களுடையதும் போனது. எந்த வழிச் சொந்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியாமலேயே அந்த அம்மாளை நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறேன்.

சென்ற மாதம் என் மகளின் கல்யாணத்துக்காகக் கோவையில் ஒரு கேட்டரிங் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். குளிரூட்டிய அறையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எல்லாம் வந்தது. சாம்பார், கூட்டு, பாயசம், எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அறையில் எங்களைத் தவிர யாரும் சாப்பிடவில்லை, யாரும் பக்கத்தில் நின்று இன்னொரு கரண்டி ஊற்றவும் இல்லை. இன்று அழைப்பில்லாமல் ஒரு மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தால் யாராவது போனில் படம் எடுத்துவிடுவார்கள். எத்தனை இலை என்று அங்கிருந்த பையன் கேட்டான். நான் சரசு அத்தையைப் போனில் கூப்பிட்டு எங்கள் கணக்கைச் சொன்னேன். அவளுக்கு இப்போது காது மந்தம். முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் கேட்கப்படுகிற கேள்வியைக் கேட்டாள்: “கருமத்தம்பட்டி வேனச் சேத்தியா கண்ணு?” சேர்த்தேன்.

ஒன்றை மட்டும் இங்கே குறித்துவைக்க வேண்டும். பத்திரிகை வைக்கப் போனபோது பெரியம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: அன்று தன் வீட்டுக் கல்யாணத்தில் மாஸ்டர் வைத்த ரசம் அவருக்குப் பிடிக்கவில்லையாம், அதைத் தள்ளி வைத்துவிட்டு முதல் இரண்டு பந்திக்கும் அவரே ரசம் வைத்தாராம். மாஸ்டர் கடைசிவரை அது தன் கைப்பக்குவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை. அப்பாவும் இல்லை. நாங்கள் உட்கார்ந்தது இரண்டாம் பந்தியா மூன்றாம் பந்தியா என்று அத்தைக்கு நினைவில்லை, எனக்கும் இல்லை. பென்சில் குறிப்பில் “ரசம் மிக நன்று” என்பதற்கு மேல் எதுவும் இல்லாததால், நாங்கள் அன்று யாருடைய ரசத்தைக் குடித்துவிட்டு மாஸ்டரை அமர்த்தினோம் என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.