பின்னாலேயே வந்த கலயம்

இதை எழுதப் பல வருடமாகக் கை வரவில்லை. இறந்துபோன என் மனைவியின் ஆத்மா சாந்தியடையவில்லை என்று ஊரில் பேசிவிடுவார்களோ என்ற பயம்தான்.

நாகப்பட்டினம் பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை. திருவிழாக் கூட்டம் போய்விட்டது, மழை இன்னும் பிடிக்கவில்லை. காரிமங்கலத்துக்காரர்களான நாங்கள் அஸ்தியை ஒகேனக்கல் ஆற்றில்தான் விடுவோம். இவள் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் என்பதால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். அஸ்திக் கலயத்தைத் தண்ணீரில் விட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன். குதிகாலில் ஏதோ இடிக்கிறது.

"ஐயா, உங்க கலயம் பின்னாடியே வருது!" வலை உதறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கத்துகிறார்.

"திரும்பிப் பாக்கக் கூடாதுங்களே. அவளுக்குப் போக மனசில்லீங்களா?"

"நல்லா கேட்டீங்க! இது என்ன ஆறா, விட்டதும் ஓட? தண்ணி ஏறுது. வத்துறப்ப விடுங்க, போயிரும்."

திரும்புகிறேன். கலயத்தை எடுத்து, துண்டால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்காருகிறேன். தண்ணீர் வற்றும்வரை நானும் இவளும் அலையைப் பார்க்கிறோம். முருகா, இந்த நேரத்தையாவது கொடுத்தாயே.

இதைப் படித்தவர்கள், யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். ஆவி என்றோ அற்புதம் என்றோ எதையும் சேர்க்க வேண்டாம்.