அரசர் டெல்லிக்கு வந்தபோது வாசுகி கொடுத்த மனு

எந்த நாட்டு ராஜா எந்தத் தேதியில் டெல்லிக்கு வருகிறார், நம் மந்திரிகள் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்று வாசுகியிடம் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வாள். அவள் வார்டு கவுன்சிலர் பேரைக் கேட்டால் முழிப்பாள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரத்தில் கோடு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் என் கடைக்கு வந்து பேப்பரைப் புரட்டுவாள். ராசிபலன், சினிமா எதுவும் வேண்டாம், வெளிநாட்டுச் செய்தி மட்டும்தான்.

என் கடை தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை. மனுவும் எழுதிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. குருமூர்த்தி எழுதின மனு என்றால் ஆபீஸர் ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் தீயை வைக்க.

வாசுகியின் புருஷன் கொளஞ்சிநாதன் இதே பேட்டையில் சூளை பார்த்தவன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவான். வளைகுடா நாடு ஒன்றில் டைல்ஸ் கம்பெனிக்கு அவனைக் கூட்டிப் போனார்கள். மூன்றாவது வருஷம் அங்கே சூளை வெடித்து நேபாளத்துத் தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். அன்றைக்கு ஷிப்டுப் பொறுப்பு இவன். கேஸ் பைப் கசிகிறது என்று சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னேன், வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றார் என்பதுதான் முதல் நாளிலிருந்து அவன் சொல்வது. கோர்ட் கேட்கவில்லை. எட்டு வருஷம் போட்டது. அவன் அப்பீல் போட்டான். வெள்ளிக்கிழமைதோறும் ஜெயிலிலிருந்து பத்து நிமிஷம் பேச விடுவார்கள். மகள் வெண்பாவின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவான். மீதி நேரமெல்லாம் அந்தப் பைப்தான்.

போன வருஷம் அந்த நாட்டு அரசர் அரசுமுறைப் பயணமாக டெல்லிக்கு வருவதாகச் செய்தி வந்தது. துறைமுகம், உரம், முதலீடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு மூலையில் நாலே வரி: நல்லெண்ண அடையாளமாக இந்தியக் கைதிகள் சிலரை அரசர் மன்னித்து விடுவிக்கக்கூடும், குடும்பத்தார் தூதரகம் வழியாக மனு அனுப்பலாம். வாசுகி அந்தப் பக்கத்தைக் கிழித்தே எடுத்துக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை, பேப்பர் என்னுடையது.

"அண்ணே, இப்பவே எழுதுங்க. அவரு மேல தப்பு இல்லன்னு எழுதுங்க. பைப்பு லீக்காவுதுன்னு ரெண்டு தபா சொன்னாரு பாருங்க, அத மொதல்ல எழுதுங்க."

"ராஜாகிட்டப் போயி, உங்க கோர்ட்டு சொன்னது தப்புன்னு சொல்லப் போறியா? நல்லா வெளங்கும். பெரிய எடத்துக்குப் போற மனு, குனிஞ்சிதாம்மா எழுதணும்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தைரியம் என்றால், எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. இந்தப் பக்கத்தில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். சாமியை நீதிபதியாக வைத்து, குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவது. நான் எழுதிக் கொடுத்த பிராது ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஆடு களவு போன பிராதாக இருந்தாலும் நான் போடும் முதல் வரி ஒன்றுதான்: 'தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களைப் பொறுத்து'. ஆட்டைப் பறிகொடுத்தவன் என்னய்யா குற்றம் செய்தான் என்று சாமி என்னைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

அதே கை அதே வரியை டைப் அடித்தது. 'என் கணவர் தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றத்தை மாண்புமிகு அரசர் பெரிய மனது கொண்டு மன்னித்து...'

வாசுகி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். விரல் நின்றது.

"குத்தம்னு போட்டிருக்கீங்களேண்ணே. அவரு ஒன்னும் பண்ணலியே."

"அது ஒரு மரியாதைக்குப் போடறதும்மா. குத்தமே இல்லன்னா ராஜா எத மன்னிப்பாரு? நீ கையெழுத்துப் போடு."

இரண்டு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். நான் சலித்துக்கொண்டேன், அடுத்த ஆள் நிற்கிறார் என்று. கையெழுத்துப் போட்டாள்.

அரசர் வந்த அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு என் கடை டிவி முன்னால் உட்கார்ந்தாள். குதிரைப் படை, பீரங்கி மரியாதை, பூங்கொத்து. பன்னிரண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒன்று டைல்ஸ் வியாபாரம். இரு நாட்டு உறவு புதிய உயரத்துக்குப் போகிறது என்று செய்தி வாசிப்பவர் சொன்னார்.

"எல்லாரும் சிரிச்சிப் பேசறாங்கண்ணே. நல்ல மனசோட இருக்காங்க போலருக்கு. வுட்டுடுவாங்க" என்றாள். போகும்போது வெண்பாவுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து நாற்பத்தொரு பேர் பட்டியல் வந்தது. பக்கத்து ஊர் திட்டக்குடிக்காரர் ஒருவர் பேர்கூட இருந்தது. கொளஞ்சிநாதன் பேர் இல்லை. அப்பீல் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு மன்னிப்பு கிடையாதாம். நான் பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"போவட்டுங்கண்ணே. அப்பீலு இருக்குது இல்ல. மன்னிச்சி வுட்டாங்கன்னு வர்றத வுட, தப்பு இல்லன்னு ஜெயிச்சி வரட்டும்."

இரண்டு மாசத்தில் அப்பீல் தள்ளுபடி ஆனது. அங்கே இருக்கும் வக்கீல் தீர்ப்பை இங்கிலீஷில் மாற்றி அனுப்பியிருந்தார். வாசுகி அதைப் பிரிண்ட் எடுக்க என்னிடமே கொண்டுவந்தாள். நான் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது: 'தன்மீது தவறில்லை என்று கைதி கூறுகிறார். ஆனால் அரசருக்கு அனுப்பப்பட்டு, அரசுத் தரப்பு இங்கே தாக்கல் செய்த மனுவில் அவர் மனைவியே குற்றத்தை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருக்கிறார்.'

அடப்பாவி, என்ன காரியம் செய்தாய் குருமூர்த்தி! சாமி கோயிலில் ஓடுகிற வரி கோர்ட்டில் ஓடுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? ஒரு குடும்பத்தின் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு, அதற்கு எழுத்துக்கூலி வேறு வாங்கியிருக்கிறேன்.

மறைக்க முடியுமா? படித்ததைத் தமிழில் அப்படியே சொன்னேன். அவள் கத்துவாள், ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரும் நேரத்துக்கு என் கடைக்கே வந்தாள். அவன் கேட்டால் நான் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். கொளஞ்சிநாதன் குரல் சன்னமாகக் கேட்டது.

"கோர்ட்டுல படிச்சிக் காட்டுனாங்க. அது நீ எழுதனதா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆமாங்க. நான் போட்ட கையெழுத்துதான்."

"படிச்சிப் பாத்துதான் போட்டியா?"

"படிச்சேங்க."

"அப்ப நீயும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்திருக்கற, இத்தன வருசமா" என்றான். "இல்லங்க, கேளுங்க" என்று அவள் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மனுவை எழுதியது நான், அவள் வேண்டாம் என்றாள், நான்தான் போட வைத்தேன் என்று ஜெயில் விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. ஊரிலிருந்து எது வந்தாலும் அவன் வாங்குவதில்லையாம், தான் எடுத்துச் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம், வக்கீல் சொன்னார். இன்னும் ஐந்து வருஷம் பாக்கி.

போன வாரம் வாசுகி கடைக்கு வந்தாள். கையெல்லாம் காய்ந்த வெள்ளை மண். பேப்பரைத் தொடவில்லை. எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவரு அஞ்சி வருசம் கழிச்சி வரட்டும்ணே, வராமகூடப் போவட்டும். நான் அப்படி நெனக்கலன்னு மட்டும் அவருக்குத் தெரியணும். அதுக்கு யாருக்கு மனு போடணும்?"